வேலிக்கு அந்தப் பக்கம் காடு: சிட்னியில் புஷ் ஓரம் வீடு வாங்குவதா, கொஞ்சம் தள்ளி வாங்குவதா?

மேற்கு சிட்னியின் வென்ட்வொர்த்வில்லில் ஆறு வருடம் வாடகைக்கு இருந்தாயிற்று. முருகன் கோயில் பக்கம், மளிகைக் கடை பக்கம், ரயில் பக்கம், குறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் சொந்த வீடு என்று பேச்செடுத்தால் என் மனம் போவது காட்டுப்பக்கம்தான். கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் வளர்ந்தவன் நான், காலையில் எழுந்து வெளியே வந்தால் மலை தெரிய வேண்டும் என்ற பழக்கம் இத்தனை வருடம் கழித்தும் போகவில்லை. மனைவிக்குக் காடு பிடிக்கும், பாம்பு பிடிக்காது. மகளுக்கு ஒன்பது வயது, பூனை வளர்க்க இடம் இருந்தால் போதும். அம்மா எங்களோடு இருக்கிறார், முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியாது. இந்த நாலு பேருக்கும் பொருந்துகிற ஒரு வீட்டை எட்டு மாதம் தேடினோம். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன், இதே குழப்பத்தில் இருக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர் என்பதால்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே எல்லாரும் புஷ் என்று சொல்லும் இயற்கைக் காடு, சிட்னியில் ஊருக்கு வெளியே இருக்கும் ஒன்றல்ல, ஊருக்குள்ளேயே விரல் விரலாக நுழைந்து கிடக்கிறது. காரணம் நில அமைப்பு. வடக்கிலும் தெற்கிலும் மணற்பாறைப் பீடபூமி, அதை ஓடைகள் அறுத்து ஆழமான பள்ளத்தாக்குகளாக்கி இருக்கின்றன. அந்தச் செங்குத்துச் சரிவில் வீடு கட்ட முடியாது, விவசாயமும் நடக்காது, அதனால் காடு தப்பித்தது. தெற்கே ராயல் தேசியப் பூங்கா 1879-இலேயே அறிவிக்கப்பட்டது, வடக்கே கூரிங்காய் சேஸ் 1894-இல். வீடுகள் எல்லாம் மேட்டு முதுகில், சாலையும் ரயிலும் அதே முதுகில், காடு இரண்டு பக்கமும் கீழே. மவுண்ட் கோலா, அஸ்குவித், பெரோரா பக்கம் ரயிலில் போனால் இது கண்ணுக்கே தெரியும். ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போகும் வழியும் ஏறக்குறைய இப்படித்தான், நம் ஆட்களில் பலருக்கு முதன்முதலாக இந்தக் காட்டைக் காட்டியது அந்தக் கோயில் பயணமாகத்தான் இருக்கும்.

மேற்கு சிட்னி வேறு கதை. அங்கே களிமண் சமவெளி. பூர்வகுடிகளான தாருக் மக்களின் நிலம். விளைச்சலுக்கு ஏற்ற மண் என்பதால் குடியேறியவர்கள் முதலில் வெட்டியது அங்கிருந்த திறந்தவெளிக் காட்டைத்தான். கம்பர்லாந்து சமவெளிக் காடு என்று அதற்குப் பெயர், முன்பு இருந்ததில் பத்து சதவீதம்கூட இன்று மிச்சமில்லை, மிச்சமும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அழிவின் விளிம்பில் உள்ள காட்டு வகை என்று சட்டப்படியே பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். நாம் அதிகம் வசிப்பது இந்தச் சமவெளியில்தான், நம் வீடுகளுக்கு அடியில் இருப்பது அந்தக் காட்டின் மண்.

எங்கள் முன்னால் இருந்த வழிகள் நான்கு. மேட்டுமுதுகில், பின்வேலியைத் தாண்டினால் தேசியப் பூங்கா என்கிற பழைய வீடு. சமவெளியில், பாதுகாக்கப்பட்ட காட்டை ஒட்டிப் புதிதாக எழும்பிய எஸ்டேட்டில், அதாவது மொத்தமாக மனை பிரித்துக் கட்டிய குடியிருப்பில், ஒரு வீடு. சிட்னியின் வடமேற்கு விளிம்பில் கிளெனோரி, அர்காடியா பக்கம் ஐந்து ஏக்கர், அதில் பாதி சொந்தக் காடு. கடைசியாக, காட்டிலிருந்து மூன்று நான்கு தெரு தள்ளி சாதாரண வீடு ஒன்று.

ஆரம்பத்தில் நாங்கள் பார்த்ததெல்லாம் காடு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டும்தான். பின் தளத்திலிருந்து மரம் தெரிகிறதா, காலையில் கூக்கபுரா சத்தம் கேட்கிறதா. ஆறு மாதம் கழித்துத்தான் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று புரிந்தது: இந்த வீடு நிற்பதற்காகக் காடு எவ்வளவை இழக்கிறது? அதைக் கேட்கத் தொடங்கியதும் எங்கள் வரிசையே தலைகீழாக மாறிவிட்டது.

வேலியோர வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மனம் அங்கேதான் கிடந்தது. பெரோரா பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு வீடு பார்த்தோம், எழுபதுகளில் கட்டிய செங்கல் வீடு, பின்புறம் மரத்தளம், அதற்குக் கீழே சரிவு, சரிவு முழுக்கத் தைல மரமும் பேங்ஸியாவும். நம் ஊரில் தைல மரம் என்றால் வரிசையாக நட்ட தோப்புதான் ஞாபகம் வரும், இங்கே அது பாறையைப் பிளந்துகொண்டு இளஞ்சிவப்புத் தண்டோடு முறுக்கி நிற்கிறது, பார்த்துக்கொண்டே இருக்கலாம். பாறை இடுக்கில், மற்றப் பறவைகளின் குரலை அப்படியே பாடிக்காட்டும் லயர் பறவை வரும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். அவர் முப்பது வருடமாக அந்தத் தெருவில் இருப்பவர். வீடு பிடித்திருக்கிறதா என்று கேட்டார், ரொம்பப் பிடித்திருக்கிறது என்றேன். "அப்படியென்றால் ஜனவரி மாதம் மதியம் வந்து பாருங்கள், மேற்கிலிருந்து காற்று அடிக்கிறபோது" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் அப்புறம்தான் விளங்கியது. நெருப்பு மேட்டை நோக்கி ஏறும்போது வேகமெடுக்கும். சரிவு 10 பாகை கூடினால் வேகம் இரட்டிப்பாகும் என்பது இங்கே தீயணைப்புக்காரர்கள் எல்லாரும் சொல்லும் கணக்கு. சிட்னியில் மோசமான தீ நாட்களில் காய்ந்த சூடான காற்று வடமேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும். ஆக, மேட்டின் விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு மேற்கில் காட்டுச் சரிவு இருந்தால் அதைவிட மோசமான அமைப்பு கிடையாது, நாங்கள் பார்த்த வீடு அப்படியே அதுதான். 2013 அக்டோபரில் ப்ளூ மவுண்டன்ஸில் வின்மலீ, ஸ்பிரிங்வுட் பக்கம் ஏறக்குறைய 200 வீடுகள் எரிந்தபோதும் இதே மாதிரி மேட்டுமுதுகுத் தெருக்கள்தான் சிக்கின. 2019-20 கோடையில் எங்கள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மட்டும் 2,400-க்கு மேற்பட்ட வீடுகள் போயின, காஸ்பர்ஸ் மலைத் தீ ஒன்றே 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் தின்றது. அந்த டிசம்பரில் வென்ட்வொர்த்வில்லிலேயே எங்களால் ஜன்னல் திறக்க முடியவில்லை.

நெருப்பு நேராகச் சுவர் போல வந்து வீட்டை விழுங்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலும் நடப்பது வேறு. காற்றில் பறந்து வரும் கங்கு கூரை ஓரத்து மழைநீர் வாய்க்காலான கட்டரில் கிடக்கும் சருகில் விழும், மரத்தளத்தின் இடுக்கில் விழும், ஓட்டுக்கு அடியில் புகும். தீ முகப்பு கடந்து போன பிறகு வீடு தனியாக உள்ளிருந்து எரியத் தொடங்கும். எரிந்த வீடுகளில் பெரும்பகுதி காட்டிலிருந்து 100 மீட்டருக்குள் இருந்தவை, ஆனால் 2003 ஜனவரி 18 அன்று கான்பெராவில் டஃபி பகுதியில் சில நூறு மீட்டர் தள்ளியிருந்த வீடுகளும் கங்கால் எரிந்தன. எனவே தள்ளி இருப்பவர்கள் முழுக்கத் தப்பித்தோம் என்று இருக்க முடியாது, ஆனால் 100 மீட்டர் என்பது பெரிய வித்தியாசம்.

இதற்காகத்தான் தீத்தாக்க நிலை என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள், ஆங்கிலச் சுருக்கத்தில் பால் (BAL) என்பார்கள். பால்-12.5, 19, 29, 40, அதற்கு மேல் தீக்கொழுந்து மண்டலம். அந்த எண், சதுர மீட்டருக்கு எத்தனை கிலோவாட் வெப்பம் வீட்டின் மேல் விழக்கூடும் என்பது. புதிதாகக் கட்டினாலோ பழையதோடு ஒரு அறை சேர்த்தாலோ அந்த நிலைக்கு ஏற்றபடி கட்ட வேண்டும்: கெட்டிப்படுத்திய கண்ணாடி, 2 மில்லிமீட்டருக்கு மேல் துளையில்லாத உலோக வலை, எரியாத சுவர்ப்பொருள் என்று போகும், 40-க்கு மேலே போனால் செலவு எகிறும். பழைய வீட்டை அப்படியே வாங்கினால் யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். இது சலுகை போலத் தெரியும், எனக்கு அது பயமாகத்தான் தெரிந்தது, ஏனென்றால் நாம் வாங்குவது எந்தப் பாதுகாப்பும் இல்லாத வீடு.

சரி, இவ்வளவும் நமக்கு வரும் ஆபத்து. காட்டுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

2013 தீக்குப் பிறகு, 2014-இல் நியூ சவுத் வேல்ஸில் 10/50 என்று ஒரு விதி வந்தது. குறித்த பகுதிகளில் இருக்கும் வீட்டுக்காரர், வீட்டிலிருந்து 10 மீட்டருக்குள் இருக்கும் மரங்களையும் 50 மீட்டருக்குள் இருக்கும் புதர்களையும் தன் நிலத்தில் அனுமதி கேட்காமலே அகற்றலாம். உயிருக்குப் பாதுகாப்பு என்ற நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காட்டோரத் தெரு முழுக்க வீட்டுக்கு வீடு இப்படி வெட்டினால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். காட்சிக்காகவும் மரத்தை வெட்ட ஒரு வழி கிடைக்கிறது. புதிதாகக் கட்டுபவருக்கு இன்னும் கடுமை: வீட்டைச் சுற்றி எரிபொருள் குறைந்த பாதுகாப்பு வளையம் வேண்டும், அது அவர் நிலத்துக்குள்ளேயே அமைய வேண்டும் என்பதே பொது விதி. அந்த வளையம் நேற்று வரை காடாக இருந்த இடம்.

அதற்கும் மேலே, கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது ஒன்று உண்டு, எனக்கு மிகவும் புதிதாக இருந்ததும் அதுதான். சிட்னி மணற்பாறை மண் மிகவும் வறிய மண், பாஸ்பரஸ் மிகக் குறைவு. பேங்ஸியா, வராட்டா போன்ற உள்ளூர்ச் செடிகள் அந்த வறுமைக்குப் பழகி வளர்ந்தவை, பாஸ்பரஸ் அதிகமானால் அவற்றுக்கு அதுவே விஷம். நாம் என்ன செய்கிறோம், புல்தரைக்கு உரம் போடுகிறோம், காரைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறோம், நாயை நடத்திக் கூட்டிப் போகிறோம், மழை பெய்தால் இத்தனையும் குழாய் வழியாகச் சரிவில் இறங்குகிறது. மேட்டுமுதுகில் இருக்கும் ஒவ்வொரு வீட்டின் தண்ணீரும் கடைசியில் காட்டுக்குள்தான் போகும், வேறு போக்கிடமே இல்லை. ஊட்டம் கிடைத்த மண்ணில் உள்ளூர்ச் செடி சாகும், களை எழும்பும். மழைநீர்க் குழாய் முடிகிற இடத்தில் போய் நின்று பாருங்கள், பிரிவெட் புதர், டிரேட் கொடி, உண்ணிச்செடி என்று மண்டிக் கிடக்கும். உண்ணிச்செடி, நீலகிரியிலும் சத்தியமங்கலத்திலும் காட்டையே மூடிக்கொண்டிருக்கும் அதே லான்டானாதான். இத்தனை ஆயிரம் மைல் தாண்டி வந்து அதே பூவைப் பள்ளத்தாக்கின் ஓரத்தில் பார்த்தபோது மனசு கனத்துப் போனது.

நம் தோட்டமும் இதில் சேர்த்திதான். கறிவேப்பிலை இல்லாமல் நாம் வீடு கட்ட மாட்டோம். அதன் கறுத்த பழத்தைப் பறவைகள் தின்று விதையைக் கொண்டுபோகும். காட்டுப்பக்கம் இருப்பவர்கள் தொட்டியில் வைத்து, பூங்கொத்து வரும்போதே கிள்ளிவிடுங்கள், இலையும் நன்றாகத் துளிர்க்கும். வெட்டிய புல்லையும் கிளையையும் பின்வேலிக்கு அப்பால் எறிகிற பழக்கம் இங்கே வெள்ளைக்காரர் வீடுகளிலும் உண்டு, நம் வீடுகளிலும் உண்டு. மக்கிப் போகும்தானே என்று நினைக்கிறோம். அதில்தான் அகபாந்தஸ் என்ற தோட்டச் செடியும் டிரேடும் வேர்பிடித்துக் கீழே இறங்குகின்றன, காய்ந்தால் அதுவே வீட்டுக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்த விறகு.

காட்டோர வீட்டின் மற்ற விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புனல்வலைச் சிலந்தி இருக்கும், ஷூவை உதறிப் போட வேண்டும், ஆனால் 1981-இல் விஷமுறி மருந்து வந்தபின் அந்தக் கடியால் யாரும் இறந்ததில்லை. சிவப்பு வயிற்றுக் கறுப்புப் பாம்பு வரும், தொந்தரவு செய்யாமல் விட்டால் அதுபாட்டுக்குப் போகும். இவற்றைவிட உண்ணிதான் பெரிய தலைவலி. கிழக்குக் கரையோரக் காடுகளில் இருக்கும் பக்கவாத உண்ணி நாயைக் கொல்லும், மனிதர்களில் சிலருக்கு அது கடித்தபின் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி சாப்பிட்டாலே ஒவ்வாமை வருகிறது. இதை உலகுக்கு முதலில் சொன்னவர்களில் ஒருவர் சிட்னி மருத்துவர் ஷெரில் வான் நூனன். விரலால் நசுக்கியோ கிள்ளியோ எடுக்கக் கூடாது, உறைய வைக்கும் ஸ்பிரே அடித்து அங்கேயே கொன்றுவிட்டு அது தானாக விழ விட வேண்டும். இந்த உண்ணியைச் சுமப்பதில் பேண்டிகூட் என்னும் சின்ன விலங்குக்குப் பங்கு உண்டு, அதனால் அதை வெறுக்கிறவர்கள் இருக்கிறார்கள், பாவம். அதன் பெயர் தெலுங்குப் பந்திக்கொக்கிலிருந்து, அதாவது நம் பெருச்சாளியிலிருந்து வந்தது. பெயர் நம் பக்கத்தது, விலங்கு முழுக்க முழுக்க இந்த மண்ணுடையது, புல்தரையில் அது தோண்டும் குழிகளால் மண் காற்றோட்டம் பெறுகிறது.

இனி சமவெளி எஸ்டேட். செயின்ட் மேரிஸில் பழைய வெடிமருந்துத் தொழிற்சாலை நிலம் ஒன்று இருந்தது, ஏடிஐ நிலம் என்பார்கள், பெரிய பரப்பு. தொழிற்சாலைக்காக வேலி போட்டு வைத்ததாலேயே கம்பர்லாந்து சமவெளிக் காடு அங்கே பிழைத்தது, கங்காருவும் ஈமுவும் அந்த வேலிக்குள்ளேயே வாழ்ந்தன. வீடு கட்டத் திட்டம் வந்தபோது உள்ளூர் மக்கள் பல வருடம் எதிர்த்துப் போராடினார்கள். முடிவில் ஏறக்குறைய 900 ஹெக்டேர் வியனமட்டா வட்டாரப் பூங்காவாக நின்றது, மீதியில் ரோப்ஸ் கிராசிங், ஜோர்டன் ஸ்பிரிங்ஸ் எழுந்தன. நம் ஆட்கள் பலர் இப்போது அங்கே இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட எஸ்டேட்டின் நல்லது என்னவென்றால், வீடு புதுசு, தீ விதிகளுக்கு உட்பட்டுக் கட்டியது. காட்டுக்கும் வீடுகளுக்கும் நடுவே சுற்றுச்சாலை போடுகிறார்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இதற்கு மேல் முக்கியமான ஒன்றை நான் பார்க்கவில்லை. பின்வேலி காட்டைத் தொட்டால் தீயணைப்பு வண்டி உள்ளே போக வழியில்லை, குப்பை எறிய வழி உண்டு. வீட்டின் முகம் காட்டைப் பார்த்து, நடுவில் சாலை இருந்தால் வண்டி வரும், தீ நிற்க இடைவெளி கிடைக்கும், யாரும் புல்லைக் கொண்டுபோய்க் காட்டில் கொட்ட மாட்டார்கள், எல்லார் கண்ணும் அங்கே இருக்கும். நிலமும் சமவெளி, நெருப்பு ஏறி வருகிற சரிவு இல்லை. அம்மாவுக்குப் படி இல்லாத வீடு அங்கேதான் சுலபமாகக் கிடைத்தது.

மனசு ஒப்பாத இடம் இது: அந்த வீடு வருவதற்காக வெட்டியது, மிச்சம் பத்து சதவீதம்கூட இல்லாத காட்டை. ஒரு துண்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று காட்டி இன்னொரு துண்டை எடுக்கிறார்கள். வாங்குகிறவர் வெட்டவில்லை, உண்மைதான், ஆனால் நாம் வாங்குவதால்தான் அடுத்த கட்டம் விற்கிறது. வெயிலும் ஒரு பிரச்சினை. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 பாகை பதிவானது. மரமில்லாத தெரு, கறுப்புக் கூரை, வீட்டுக்கு வீடு கையெட்டும் தூரம், பக்கத்தில் காடு இருந்தும் தெருவில் நிழல் இல்லை. சில எஸ்டேட்களில் பொதுநிலத்தைப் பராமரிக்கக் குடியிருப்போர் சங்கக் கட்டணமும் உண்டு, காட்டுக்கு அதில் எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். சாலை, விளக்கு, செடிவெட்டு என்றே முழுத்தொகையும் போகலாம்.

எஸ்டேட் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. கான்பெராவில் முல்லிகன்ஸ் ஃப்ளாட் என்ற காட்டைச் சுற்றி நரியும் பூனையும் புகாத வேலி போட்டிருக்கிறார்கள், ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் ஏறக்குறைய நூறு வருடமாக இல்லாமல் போயிருந்த பெட்டாங் என்ற சின்ன விலங்கை 2012-இல் டாஸ்மேனியாவிலிருந்து கொண்டுவந்து அங்கே விட்டார்கள். வேலியை ஒட்டி இருக்கும் ஃபோர்டு குடியிருப்பில் பூனையை வீட்டு எல்லைக்குள் வைத்துத்தான் வளர்க்கலாம். 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகளுக்கு அந்த விதி கான்பெரா முழுவதற்கும் வந்துவிட்டது. நியூ சவுத் வேல்ஸின் வடகோடியில் பாட்ஸ்வில்லில் கோவாலா பீச் என்ற குடியிருப்பில் நாயும் பூனையும் கிடையவே கிடையாது, வீடு வாங்கும்போதே அந்த நிபந்தனையோடுதான் வாங்க வேண்டும். காட்டோடு வாழ்வது என்று விளம்பரப் பலகையில் எழுதுகிறவர்கள் எல்லாரையும் நான் ஒரே கேள்விதான் கேட்பேன், பூனைக்கு என்ன விதி என்று. ஆஸ்திரேலிய ஆய்வாளர்களின் கணக்குப்படி, வெளியே அலைந்து வேட்டையாடும் வீட்டுப்பூனை ஒன்று ஆண்டுக்குச் சராசரியாக 186 உயிர்களைக் கொல்கிறது, அதில் பாதிக்கு மேல் இந்த மண்ணின் உயிர்கள்.

ஐந்து ஏக்கர் கனவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு விட்டோம். ஆனால் வசதியும் நேரமும் உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம், ஏனென்றால் நான்கில் காட்டுக்கு நேரடியாக நல்லது செய்யக்கூடிய வழி இது ஒன்றுதான். 2016-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நியூ சவுத் வேல்ஸில் நிலக்காரர் தன் காட்டுக்குப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். அது பத்திரத்திலேயே பதிவாகும், நமக்குப் பின் வாங்குகிறவரையும் கட்டுப்படுத்தும். கட்டுப்பாடு வேண்டாம், ஆதரவு மட்டும் போதும் என்றால் லேண்ட் ஃபார் வைல்ட்லைஃப் திட்டத்தில் சேரலாம். ஏற்கெனவே வீடும் வெட்டவெளியும் இருக்கும் நிலமாகப் பார்த்து வாங்குங்கள், புதிதாகக் காட்டுக்குள் இடம் வெட்டிக் கட்ட வேண்டாம். வேலை மிக அதிகம்: குழாய்த் தண்ணீர் இல்லாத பெரிய நிலம் என்றால் புதிய வீட்டுக்குத் தீயணைக்க மட்டும் 20,000 லிட்டர் தொட்டியில் எப்போதும் நிற்க வேண்டும், தீயணைப்பு வண்டி பொருத்துகிற 65 மில்லிமீட்டர் இணைப்போடு. கழிவுநீருக்குச் சொந்த ஏற்பாடு, அதற்கு முறையாகச் சர்வீஸ், பள்ளிக்கும் கடைக்கும் கார். வேலைக்குப் போகிற இருவர், ஒரு குழந்தை, ஒரு வயதானவர் என்றிருக்கும் எங்களுக்கு முடியாது. செய்ய முடியாதவன் வாங்கினால் அந்த இரண்டரை ஏக்கர் காட்டைப் பிரிவெட் தின்றுவிடும்.

கடைசி வழி, மூன்று நான்கு தெரு தள்ளி. முதலில் இதைச் சமரசம் என்றுதான் நினைத்தோம், வேலியோர வீடு வாங்கப் பயம், அதனால் இது. இப்போது அப்படித் தோன்றவில்லை. இந்த வீட்டுக்காகப் புதிதாக ஒரு மரமும் விழாது. அறுபது வருடத்துக்கு முன் எடுத்த இடம் எடுத்த இடம்தான், பாதுகாப்பு வளையம் என்று இன்னொரு பட்டையைக் காட்டிலிருந்து கேட்காது. எங்கள் மழைநீரும் காட்டுக்குத்தான் போகும், ஆனால் தொட்டி வைத்துப் பிடிக்கலாம், உரத்தை நிறுத்தலாம். கொல்லையில் புல்லை எடுத்துவிட்டு உள்ளூர்ச் செடிகளை நட்டால் பறவைகள் ஒரு பச்சையிலிருந்து இன்னொரு பச்சைக்குத் தாவ இடம் கிடைக்கும். கங்கு இங்கும் வரும், அதனால் கட்டரைச் சுத்தமாக வைக்க வேண்டும், ஆனால் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட இரண்டு திசையில் சாலை இருக்கிறது. வேலியோர வீட்டின் தெரு ஒரு முனையில் மூடியது, அத்தனை வீட்டுக்காரர்களும் ஒரே வாயால்தான் வெளியே வர வேண்டும். அந்த ஒன்றைத்தான் நாங்கள் கடைசி வரை மன்னிக்க முடியவில்லை.

காட்டுக்குள் போக எட்டு நிமிட நடை. கிரேட் நார்த் வாக் அந்தப் பக்கமாகத்தான் போகிறது, சிட்னியிலிருந்து நியூகாசில் வரை 250 கிலோமீட்டர். லயர் பறவையைக் கேட்க அதன் கூட்டுக்கு மேலே தளம் போட்டு உட்கார வேண்டியதில்லை.

எனக்கு இன்னொரு ஆறுதல் கிடைத்தது. கவுன்சில் நடத்தும் புஷ்கேர் குழுவில் மாதம் ஒரு காலை சேர்ந்துகொண்டோம், களையெடுக்கும் வேலை. 1960-களில் மோஸ்மனில் ஜோன், எய்லீன் பிராட்லி என்ற இரு சகோதரிகள் உருவாக்கிய முறையை அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். நாம் எல்லாரும் களை மோசமாக மண்டிய இடத்தில்தான் கை வைப்போம். அவர்கள் நல்ல காட்டிலிருந்து தொடங்கி, மண்ணை அதிகம் கிளறாமல், களையை நோக்கி மெதுவாக நகர்ந்தார்கள், பின்னால் காடு தானே வந்து இடத்தை நிரப்பியது. முதல் நாள் இரண்டு மணி நேரத்தில் ஒரு பாய் அளவு இடம்தான் முடிந்தது. மூன்றாம் மாதம் அதே இடத்தில் சின்னப் பெரணி எழும்பியிருந்ததை மகள்தான் முதலில் பார்த்தாள்.

வாங்கப் போகிறவர்களுக்கு நடைமுறையாகச் சில வார்த்தை. விற்பனை ஒப்பந்தத்தோடு வரும், கவுன்சில் தரும் 10.7 திட்டச் சான்றிதழில் அந்த நிலம் காட்டுத்தீ அபாய நிலமா என்று எழுதியிருக்கும், அதை முதலில் படியுங்கள். 10/50 பகுதியா என்பதை மாநிலத்தின் காட்டுத்தீ அணைப்பு அமைப்பான ரூரல் ஃபயர் சர்வீஸ் இணையதளத்தில் முகவரி கொடுத்துப் பார்க்கலாம். வீட்டுக் காப்பீட்டுக்கு விலை கேட்பதை கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொள்வதற்கு முன்பே செய்துவிடுங்கள், நாங்கள் பார்த்த வேலியோர வீட்டுக்கு வந்த தொகை எங்கள் கணக்கையே மாற்றியது. ஏலத்தில் எடுத்தால் யோசித்து விலகும் அவகாசம் கிடையாது, சாதாரண விற்பனையில் ஐந்து வேலை நாட்கள் உண்டு. வரைபடத்தில் காடு வீட்டுக்கு எந்தத் திசையில், மேலா கீழா என்று பாருங்கள். பள்ளத்தின் மேல் விளிம்பு, மேற்கில் காடு, ஒரே வழிச்சாலை, இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் வீட்டில் முதியவர்களோ கைக்குழந்தையோ இருப்பவர்கள் வாங்காதீர்கள் என்றே சொல்வேன். மூன்றில் ஒன்றுதான் இருக்கிறது, தீத்திட்டம் எழுதிவைத்து ஒவ்வொரு செப்டம்பரிலும் கட்டரும் தளமும் சுத்தம் செய்ய ஆள் இருக்கிறது, மிக மோசமான எச்சரிக்கை நாளன்று காலையிலேயே கிளம்பிவிடும் மனமும் இருக்கிறது என்றால், ஏற்கெனவே கட்டிய பழைய வேலியோர வீட்டை வாங்கி மெல்ல மெல்லத் தீக்கு ஏற்றபடி திருத்திக்கொள்வதில் தவறில்லை. அங்கே யாராவது இருக்கத்தான் போகிறார்கள், குப்பை எறியாத, களையெடுக்கிற, மரத்தை வெட்டாத ஒருவர் இருந்தால் காட்டுக்கு அது நல்லதுதான்.

இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் திட்டமிட்டு எரிப்பார்கள், புகை வரும். அம்மாவுக்கு மூச்சிரைப்பு இல்லை என்பதால் எங்களுக்குச் சமாளிக்கலாம், ஆஸ்துமா உள்ள வீட்டினர் அதையும் கணக்கில் எடுங்கள். இந்தக் காட்டுக்கு அவ்வப்போது நெருப்பு வேண்டும், பல விதைகள் சூடோ புகையோ பட்டால்தான் முளைக்கும். அந்தப் புகைக்காக யாரிடமும் புகார் செய்வதில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த மாதம் சாவி கையில் வருகிறது. மூன்றாவது தெரு, தரைத்தள வீடு, கொல்லையில் ஒரு பெரிய தைல மரம், அதை வெட்டாமல் விடப் போகிறோம். மகளுக்குப் பூனை உண்டு, ஆனால் வெளியே விடுவதில்லை என்று அவளே ஒத்துக்கொண்டாள். பின்சுவரை ஒட்டி வலைக்கூண்டு கட்ட இரண்டு பேரிடம் விலை கேட்டிருக்கிறோம், பூனை வருவதற்கு முன் கூண்டு முடிந்தாக வேண்டும்.